ஊறாத நட்டு, உருகின அப்பா

ஊமத்தம்பட்டி விலக்கில் ஒரு ஏ.சி. ஷெட் இருக்கிறது. கார் ஏ.சி. கெட்டுப்போனால் அங்கே வண்டியை விடக் கூடாது. கெடாமல் இருந்தால் அந்தப் பக்கம் மெதுவாகக்கூட ஓட்டக் கூடாது. இது தெரியாமல் ஒரு சித்திரை மாசத்து மத்தியானம் கொம்பையா தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கேயே போய் நின்றான்.

அப்பா என்றால் அசல் அப்பா இல்லை. லாரிக்கார சங்கிலிபூதத்தான் செத்து மூன்று வருஷம் ஆகிறது. இது மெழுகு அப்பா. வேட்டி, வெள்ளைச் சட்டை, லாரி ஓட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி, கொம்பு மாதிரி மீசை எல்லாம் வைத்து மதுரையில் ஒருத்தர் செய்து கொடுத்தார். ரப்பரில் செய்தால் வெயிலுக்கு அசையாமல் நிற்கும், ஆனால் கல்யாணத்துக்குள் முடியாது, மெழுகு என்றால் முடியும் என்று அவர் சொன்னார். கார் முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டு, "ஏ.சி.யை எங்கேயும் நிறுத்தாதீங்க தம்பி, வெயில் பட்டா அப்பா தாங்க மாட்டார்" என்றும் சொன்னார். உயிரோடு இருந்தபோது தூத்துக்குடி உப்பளத்தில் வெறும் தலையோடு லோடு ஏற்றிய மனுஷன். செத்த பிறகு இந்தச் சொகுசு.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்குநேரியில் கொம்பையாவின் அக்கா இசக்கிக்குக் கல்யாண வரவேற்பு. இசக்கி நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. மேடையில் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்று ஒன்றே ஒன்று சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு இன்றுவரை கேட்கவில்லை.

காலையில் வீடியோ காலில் சிலையைக் காட்டினபோதுகூட அவளுக்கு ஒரே ஒரு குறைதான்.

"எலே, கையில ஸ்பேனர் எங்க? அப்பா என்னைக்கு ஸ்பேனர் இல்லாம இருந்தார்?"

அதுவும் நியாயம்தான். அப்பாவின் கல்யாண போட்டோவிலேயே கையில் ஸ்பேனர் இருக்கும். தாலி கட்டும்போது மட்டும் பக்கத்து ஆளிடம் கொடுத்து வைத்திருந்தாராம்.

கோவில்பட்டி தாண்டினதும் ஏ.சி. சூடாக ஊத ஆரம்பித்தது. கொம்பையா ஸ்விட்சை எல்லாம் திருகிப் பார்த்தான். பன்னிரண்டாவது பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டு மாமாவின் காரை வாடகைக்கு ஓட்டுகிறவன், ஓட்ட மட்டும்தான் தெரியும். 'குளிர்ச்சி ஏ.சி. ஒர்க்ஸ்' என்று ஒரு போர்டு கண்ணில் பட்டதும் வண்டியை ஒடித்துத் திருப்பி, வேப்ப மரத்து நிழலில் நிறுத்தினான்.

ஷெட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மருதப்பன் பெரிய மெக்கானிக். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், அதை வைத்து எதையும் எழுதியதில்லை. சொரிமுத்துவுக்கு உடம்பு பலம். ஒருமுறை கியர் பாக்ஸைத் தோளில் தூக்கினவன், யாரும் கீழே வைக்கச் சொல்லவில்லை என்று அப்படியே போய் டீ வாங்கி வந்திருக்கிறான். மூன்றாவது நம்பிராஜன். ஐம்பது வயசு, அடர்த்தியான மீசை, பேச்சு கம்மி. சொன்ன வேலையைச் சொன்ன மாதிரியே செய்வார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய பிரச்சினை.

முதலாளி உச்சிமாகாளி அண்ணாச்சி, சாத்தூரில் மச்சான் புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தார்.

"பெரியவர் இறங்கலையா தம்பி?" என்றார் மருதப்பன்.

"அது சிலைண்ணே. மெழுகு."

மருதப்பன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"டீ சாப்பிடுவாரா?"

"சிலைண்ணே. டீயெல்லாம் சாப்பிட மாட்டார்."

"எலே சொரிமுத்து, அய்யா டீ சாப்பிட மாட்டாராம். ஒரு காபி சொல்லு."

இந்த இடத்திலேயே கொம்பையா வண்டியை எடுத்திருக்க வேண்டும். ஆனால் மருதப்பன் பானெட்டைத் திறந்து, கையால் தடவி, "இந்த பைப் ஜாயின்ட்ல லீக்கு. கேஸ் பூராப் போயிட்டு. உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு, மோதிரம் மாதிரி. அதை மாத்திட்டுக் கேஸ் ஏத்தினா சில்லுனு வரும்" என்று சொல்லிவிட்டார். புத்தியுள்ள ஆள் பேசுவது மாதிரியே இருந்தது. கொம்பையா நம்பிவிட்டான்.

ஜாயின்ட்டில் இரண்டு நட்டு. ஒன்றோடு ஒன்று சேர்ந்து, வெள்ளையாகப் பூத்து, பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்த மாதிரி இறுகிக் கிடந்தன. சொரிமுத்து சும்மா தொட்டுப் பார்த்தான். அசையவில்லை. மருதப்பன் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எலே, அது அலுமினியம்ல. முரட்டுத்தனமாத் திருகினா பைப்பு முறிஞ்சிரும்" என்றார் அண்ணாச்சி. பின்னால் ஒரே குலவைச் சத்தம். "நல்லா எண்ணெய் விட்டு ஊற வை. ஊறினப்புறம் ரெண்டு ஸ்பேனர் போடணும். நம்பி ஒண்ணைப் பிடிக்கட்டும். கை ஆடக் கூடாது, அசையக் கூடாது, நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது. சொரிமுத்து மத்ததை இடது பக்கம் திருப்பட்டும். அவன் பலத்துல பாதி போதும். பால் பொங்குது, வைக்கேன்."

எல்லாம் சரியான யோசனைதான். எந்த ஊர் மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கேட்டுக்கொண்டவர்கள்தான் வேற மாதிரி.

மருதப்பன் நட்டு மேல் எண்ணெய் விட்டார். பிறகு மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஊறிட்டுன்னு எப்படித் தெரியும்?" என்றான் சொரிமுத்து.

"நல்ல கேள்வி" என்றார் மருதப்பன்.

"அரிசின்னா எங்கம்மா நகத்தால கிள்ளிப் பாப்பா."

"நட்டைக் கிள்ள முடியாதுல்லா."

நம்பிராஜன் நட்டைக் கிள்ளிப் பார்த்தார். முடியவில்லை என்று தலையாட்டினார்.

அம்மாவிடம் போனில் பேசிவிட்டு கொம்பையா திரும்பி வந்தபோது, நட்டுப் பக்கம் யாருமே இல்லை. மூன்று பேரும் ஒரு டம்ளரைச் சுற்றிக் குத்த வைத்திருந்தார்கள். டம்ளரில் எண்ணெய். எண்ணெயில் ஒரு கைப்பிடி உளுந்து.

"இது என்னண்ணே?"

"டீக்கடையில வாங்கினோம். ரெண்டுக்கும் ஒரே எண்ணெய், ஒரே நேரம் விட்டது" என்றார் மருதப்பன். "உளுந்து ஊறிட்டுன்னா நட்டும் ஊறிட்டுன்னு அர்த்தம். கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கலாம்."

கொம்பையா காத்திருந்தான். வெயில் நகர்ந்தது. டீக்கடை ரேடியோவில் செய்தி வந்து போனது. உளுந்து போட்டது போட்டபடி கல் மாதிரி கிடந்தது.

"உளுந்தே ஊறலை தம்பி. அப்புறம் நட்டு எங்க ஊற?"

"உளுந்தைத் தண்ணியிலதானேண்ணே ஊறப் போடுவாங்க?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இது பெரிய விஷயம். ஒரே மூச்சில் முடிவெடுக்க முடியாது.

"அப்ப நட்டுக்கும் தண்ணியா விடணும்?" என்றான் சொரிமுத்து.

"அண்ணாச்சி எண்ணெய்னாரே."

"அண்ணாச்சிக்கு இட்லி சுடத் தெரியாதுண்ணே. அதான்."

"நட்டு ஊறிருச்சு" என்றான் கொம்பையா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் சொல்லுதேன். ஊறிருச்சு. ஆரம்பிங்க."

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. காருக்குள் அப்பாவின் நெற்றி பளபளவென்று ஆகியிருந்தது. மீசையின் ஒரு முனை கீழே பார்த்தது. டேஷ்போர்டில் காபி ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அய்யாவுக்கு வேர்க்குது" என்று சொல்லி சொரிமுத்து ஒரு அட்டையை எடுத்து வீசினான். வந்ததெல்லாம் அனல் காற்று. மீசையின் இன்னொரு முனையும் கீழே பார்த்தது. இப்போது இரண்டு பக்கமும் சமமாக இருந்ததில் சொரிமுத்துவுக்குத் திருப்தி.

நம்பிராஜன் வந்து ஒரு நட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பிடித்தார். பிடித்தார் என்றால் அப்படி ஒரு பிடி. நரம்பு புடைத்து, முகம் இறுகி, மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தும் அவர் அசையவில்லை. சொரிமுத்து மற்ற நட்டில் ஸ்பேனர் போட்டான். போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"யாருக்கு இடது?"

"என்ன?"

"அண்ணாச்சி இடது பக்கம்னாரு. எனக்கு இடது இந்தப் பக்கம். எதிர்ல நிக்கற உங்களுக்கு இடது அந்தப் பக்கம். ஆளுக்கொரு இடது வச்சிருக்கோம்."

கொம்பையா வாயைத் திறப்பதற்குள் மருதப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். "இருங்க தம்பி. தொழில் விஷயம்."

அவர் யோசித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தார்.

"வண்டியில மூத்தவர் யாரு?"

"அய்யாதான்."

"அப்ப அய்யாவோட இடதுதான் இடது. ஆனா அவர் நம்மைப் பாத்து உட்கார்ந்திருக்கார், நாம அவரைப் பாத்து நிக்கோம். அதான் குழப்பம். வண்டியைத் திருப்பி நிறுத்தினா எல்லாரும் ஒரே பக்கம் பாப்போம்."

கொம்பையா "ஐயோ வேண்டாம்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் சொரிமுத்து நியூட்ரலில் போட்டு ஒற்றை ஆளாகக் காரைத் தள்ளித் திருப்பிவிட்டான். நம்பிராஜன் ஸ்பேனரை விடாமல் பானெட்டோடு சேர்ந்து நண்டு மாதிரி நடந்தே வந்தார். கை அசையக் கூடாது என்றுதான் உத்தரவு. காலைப் பற்றி அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை.

திருப்பி நிறுத்தியாயிற்று. மருதப்பனும் சொரிமுத்துவும் சுற்றிக்கொண்டு பானெட் பக்கம் வந்து நின்றார்கள். எதிரே கண்ணாடிக்குள் அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பவும் அதே மாதிரில்லா இருக்கு" என்றான் சொரிமுத்து.

"அய்யாவும் கூடவே திரும்பிட்டார்" என்றார் மருதப்பன் வருத்தமாக. "வண்டியைத் திருப்பினா பத்தாது. அவரை மட்டும் தனியாத் திருப்பணும்."

முன்பு முன்கண்ணாடி மரத்து நிழலில் இருந்தது. இப்போது நேர் வெயிலில். கொம்பையா காரை மறுபடி நிழலுக்குத் தள்ளப் பின்பக்கம் ஓடினான். அதற்குள் முன்பக்கம் இரண்டு பேரும் பெல்ட்டைக் கழற்றி, அப்பாவைத் தூக்கி, பின்சீட்டைப் பார்க்க வைத்துவிட்டார்கள். அப்பா சீட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முட்டி போட்டிருந்தார். வீட்டில் கோபித்துக்கொண்ட சின்னப் பிள்ளை மாதிரி.

கொம்பையா அவரைப் பிடுங்கித் திரும்ப உட்கார வைத்தான். மூக்கு வரவில்லை. அது சீட்டிலேயே இருந்தது, தட்டையாக.

"இடதுன்னா இப்படி" என்று காற்றில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினான் கொம்பையா. "இப்படித் திருப்புங்க. என் இடது. எல்லாருக்கும் என் இடதுதான் இடது. சரியா?"

"அவ்வளவுதானா? முதல்லயே சொல்லியிருந்தா வண்டியைத் திருப்பியிருக்க வேண்டாமே" என்றார் மருதப்பன்.

அடுத்தது பலத்தில் பாதி. சொரிமுத்து ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டான். ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். ஒரு கண்ணையும் மூடிக்கொண்டான். அப்படியே ஸ்பேனரைத் திருப்பினான். நட்டு வரவில்லை. அவன்தான் தடுமாறி விழப் போனான்.

மருதப்பன் மறுபடி அண்ணாச்சிக்குப் போன் போட்டார். அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது. "வெந்நீர்ல துணியை நனைச்சு சுத்துல. கொதிக்கக் கொதிக்க இருக்கணும், ஆறக் கூடாது. சூடு பட்டா இளகிரும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சாம்பார் கேட்கப் போய்விட்டார்.

இது கேட்கிற மாதிரி இருந்தது. கொம்பையாவுக்குக்கூட நம்பிக்கை வந்தது. அப்பாவுக்கு ஐஸ் கட்டி வைத்தால் அதுவரைக்கும் தாங்குவார் என்று நினைத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜூஸ் கடைக்கு ஓடினான். ஓடும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அப்பாவைத் தொடாதீங்க. அவரைத் திருப்பாதீங்க. அவருக்கு ஒண்ணும் கொடுக்காதீங்க."

அவன் சொன்னபடியே அவர்கள் அப்பாவைத் தொடவில்லை.

ஐஸ் பையோடு திரும்பி வந்தபோது காரின் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்தான். புட்டு அவிக்கிற சட்டியைத் திறந்த மாதிரி குப்பென்று ஆவி அடித்தது. அப்பாவின் காலடியில் டீக்கடை அண்டா நிறைய வெந்நீர் தளதளத்துக்கொண்டிருந்தது.

"வெளிய காத்தடிக்குது தம்பி, ஆறிரும். உள்ள வச்சுக் கண்ணாடியை ஏத்திவிட்டா சூடு போகாதுன்னு வச்சோம்" என்றார் மருதப்பன். "அய்யாவைத் தொடவே இல்லை. பக்கத்துல வச்சதோட சரி."

கொம்பையா அப்பாவைப் பார்த்தான். நெற்றி கன்னத்துக்கு வந்திருந்தது. கன்னம் தோளுக்கு வந்திருந்தது. மீசை சட்டைப் பையில் இருந்தது. கறுப்புக் கண்ணாடி மட்டும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே, இரண்டு காதும் இல்லாமல் எப்படியோ நின்றுகொண்டிருந்தது.

"நட்டு இளகிச்சாண்ணே?" என்றான் கொம்பையா, மெதுவாக.

"இல்லை தம்பி. அய்யாதான் இளகிட்டார்."

சத்தம் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று கொம்பையாவுக்குத் தெரிந்தது. அண்டாவைத் தூக்கி வெளியே வைத்தான். ஐஸை அப்பாவின் மடியில் கொட்டினான். ஏ.சி. மட்டும் வந்துவிட்டால் மிச்சம் இருப்பது கெட்டிப்படும், போட்டோவைப் பார்த்துக் கையாலேயே ஒரு முகம் பிடித்துவிடலாம். கொழுக்கட்டை பிடித்ததில்லையா? அந்த அளவுக்கு வந்துவிட்டான்.

"திருப்புங்கண்ணே. சீக்கிரம்."

"அவன் பாதி போட்டு வரலை" என்றார் மருதப்பன். "நானும் கை வைக்கேன்."

"நீங்க பாதி போட்டா ரெண்டு பாதி சேந்து முழுசாயிரும்ணே" என்றான் சொரிமுத்து. "அண்ணாச்சி பாதிதான் சொன்னாரு."

"அதுவும் சரிதான். அப்ப ஆளுக்குக் கால் போடுவோம்."

"கால்னா எவ்வளவு?"

"பாதியில பாதி."

"அவ்வளவு கம்மியாப் போட்டா எனக்கு ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கும்ணே."

"அதைத்தான் போடு."

இரண்டு பேரும் ஸ்பேனர் மேல் கையை வைத்துக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல், நெற்றியில் வேர்வை வழிய நின்றார்கள். அப்படி நிற்பதற்கே அவர்களுக்கு மூச்சு வாங்கியது. நம்பிராஜன் தன் பக்கத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கொம்பையாவுக்கு அப்போதுதான் பொறுமை அறுந்தது. இரண்டு பேரையும் நெட்டித் தள்ளினான். "எனக்கு யாரும் பாதின்னு சொல்லலை" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரைப் பிடித்து, அண்டா வெந்நீரை நினைத்துக்கொண்டு, சீட்டில் இருந்த மூக்கை நினைத்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தான்.

சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் பைப் முறிந்து போனது. நட்டு இரண்டும் அப்போதும் ஒன்றை ஒன்று விடவில்லை. கட்டிப் பிடித்தபடி நம்பிராஜனின் ஸ்பேனர் வாயிலேயே சிக்கிக்கொண்டன.

மருதப்பன் முறிந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"பாதி போட்டிருக்கணும் தம்பி" என்றார் ஆறுதலாக.

அதே நேரத்துக்கு இசக்கி போன் பண்ணினாள்.

"எலே, அப்பா எங்க வந்துட்டிருக்கார்?"

கொம்பையாவுக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம். "அப்பா கொஞ்சம் இளைச்சிட்டார்க்கா" என்றான்.

"சிலை எப்படிடா இளைக்கும், லூசு? சீக்கிரம் வா. நான் சேலை கட்டி ரூம்ல உட்கார்ந்திருக்கேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூணு தடவை கதவைத் தட்டியாச்சு. அப்பா மேடையில உட்காந்தப்புறம்தான் நான் எழுந்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நிச்சயத்தப்பவே அவர் இல்லையேடா."

போனை வைத்துவிட்டு கொம்பையா மண்ணில் உட்கார்ந்தான். அழுகை வந்தது. அழுவதற்கும் வெட்கமாக இருந்தது. அதனால் நிமிர்ந்து எதிரே பார்த்தான். எதிரே நம்பிராஜன் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்த முதுகு. கையில் ஸ்பேனர். பைப்பும் இல்லை, ஜாயின்ட்டும் இல்லை, அவர் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். சொரிமுத்து அவர் வாயில் டீயை ஊற்றிவிட்டுக்கொண்டிருந்தான். மீசையில் டீ வழிந்தது. துடைக்கவில்லை. பெரிய மீசை. கொம்பு மாதிரி மீசை.

கொம்பையா மெதுவாக எழுந்தான்.

"நம்பியண்ணே, அண்ணாச்சி விடச் சொன்னாரா?"

"இல்லை."

"அப்ப பிடிச்சுக்கிட்டே வண்டியில ஏறுங்க. போற இடத்துல சேர்ல உட்காரணும். பேசக் கூடாது."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயும்."

"அது ஒண்ணும் கஷ்டமில்லை" என்றார் நம்பிராஜன். அன்றைக்கு அவர் பேசின நீளமான வாக்கியம் அதுதான்.

மெழுகு அப்பாவின் வேட்டி, சட்டை, கண்ணாடி எல்லாம் கழற்றி, அவரை ஒரு போர்வையில் சுற்றி டிக்கியில் வைத்தார்கள். சட்டை நம்பிராஜனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஸ்பேனரை விடாமலே கையை நுழைக்க வேண்டியிருந்ததால் ஒரு பக்கத் தையல் மட்டும் விட்டுப்போனது. கறுப்புக் கண்ணாடி போட்டதும் கொம்பையா ஒரு அடி பின்னால் போனான். சத்தியமாக அப்பா. லாரி டயரை எட்டி உதைத்துவிட்டு ஏறப் போகிற அப்பா.

பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்த அப்பாவுக்கு ஏ.சி.யே தேவையில்லை.

கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு வண்டியை விரட்டினான். பின்சீட்டில் மருதப்பனும் சொரிமுத்துவும் இருந்தார்கள். வர வேண்டாம் என்று அவன் சொல்லத்தான் செய்தான். "ஸ்பேனர் ஷெட்டுச் சாமான் தம்பி. அதை விட்டுட்டு நாங்க எப்படி இருக்கது?" என்று சொல்லி ஏறிவிட்டார்கள்.

மண்டபத்தில் விளக்கெல்லாம் போட்டாயிற்று. பின்வாசல் வழியாக நம்பிராஜனைச் சேரோடு தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. தாய்மாமா பரமசிவம் முன்னால் வந்து கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். விட்டதும் கன்னம் பழையபடி வந்தது.

"மெழுகுன்னு எவன் சொன்னான்? இது ரப்பர். உசந்த ரப்பர்" என்றார். "உள்ள பஞ்சு வச்சிருக்கான்."

அவருக்குப் பக்கத்திலிருந்தவர், "கொஞ்சம் மூச்சு விடுற மாதிரி இருக்கே மாமா" என்றார்.

"மோட்டார் வச்சிருப்பான். மதுரைக்காரன் சும்மா விடுவானா?"

இரண்டு பேர் சிலை செய்தவர் நம்பர் கேட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, உயிரோடு இருக்கிற தன் அப்பாவுக்கே ஒன்று செய்து வைத்துக்கொள்ளலாமா என்று விசாரித்தார். அம்மா வேலம்மா கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கி மேடை ஏறினாள். வந்தவள் நேராக அப்பாவின் காலில் விழுந்தாள். எழுந்து அந்தக் கையைப் பார்த்தாள். ஸ்பேனர். நகத்தில் கறுப்பு. விரல் இடுக்கில் கிரீஸ்.

"வாசனைகூட வருதுடா" என்றாள் தம்பியிடம். கண் மை வழிந்தது.

கொம்பையாவால் தாங்க முடியவில்லை. "அக்கா, இது அப்பா இல்லை" என்றான்.

"தெரியும்டா. சிலைதானே."

"சிலையும் இல்லக்கா."

"ஆமாடா. சிலை மாதிரியே இல்லை. உசுரோட இருக்க மாதிரியே இருக்கு." அவன் தலையில் கை வைத்தாள். "நீ நல்லா இருப்ப."

இதற்கு மேல் எப்படி உண்மையைச் சொல்வது என்று கொம்பையாவுக்குத் தெரியவில்லை. ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை, பெண், நடுவில் அப்பா. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். ஒரு பொடியன் அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்தான். நம்பிராஜன் அசையவில்லை. பந்தியிலிருந்து வடை வாசனை வந்தது. அப்போதும் அசையவில்லை, மூக்கு மட்டும் லேசாக விரிந்தது. மோட்டார் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து உச்சிமாகாளி அண்ணாச்சி போன் பண்ணினார். மருதப்பன் மேடைக்குக் கீழே நின்று எடுத்தார்.

"என்னல, ஷெட்டுக்கு வந்தா ஒருத்தனையும் காணோம்? பைப்பு என்னாச்சு?"

"முறிஞ்சு போச்சு அண்ணாச்சி."

"நம்பி எங்க?"

"இங்கதான். பிடிச்சுக்கிட்டு இருக்கார்."

"பைப்பு முறிஞ்சப்புறம் என்ன மயித்தைல பிடிக்கான்? விடச் சொல்லு."

மருதப்பன் போனைப் பைக்குள் போட்டார். மேடைக்கு முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"நம்பியண்ணே. அண்ணாச்சி விடச் சொல்லிட்டார்."

நம்பிராஜன் கையைத் திறந்தார். ஸ்பேனர் மேடையில் 'ணங்'கென்று விழுந்தது. அவர் முதலில் மூக்கைச் சொறிந்தார். நாள் முழுக்கச் சேர்த்து வைத்த சொறி அது, நிதானமாகச் சொறிந்தார். பிறகு எழுந்து, சோம்பல் முறித்து, மாப்பிள்ளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கி, வடை வாசனை வந்த பக்கமாக நடந்தார்.

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கொம்பையா கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

அம்மாவின் குரல்தான் முதலில் கேட்டது.

"ஏங்க, வேட்டியைச் சரியாக் கட்டிட்டுப் போங்க. நாலு பேரு பாக்குதாங்க."

"பாத்தியா?" என்றார் பரமசிவம் மாமா பக்கத்து ஆளிடம். "மோட்டார்னு சொன்னேன்ல?"

போட்டோக்காரர் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று இசக்கியைப் பார்த்தார். இசக்கி காலி சேரைப் பார்த்தாள். பந்திக் கதவைப் பார்த்தாள். மாலையைச் சரி செய்துகொண்டாள்.

"சாப்பிட்டு வரட்டும்" என்றாள். "மிச்ச போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்."

மருதப்பன் மேடையேறி ஷெட்டுச் சாமானை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். விழுந்த அதிர்ச்சியில், நாள் முழுக்க ஒன்றை ஒன்று விடாமல் இருந்த இரண்டு நட்டும் தனித்தனியாகக் கழன்று, ஒன்று மாப்பிள்ளை காலடிக்கும் ஒன்று பெண் காலடிக்கும் உருண்டு போயிருந்தன. அவர் இரண்டையும் பொறுக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். மரை அழுக்கில்லாமல் பளிச்சென்று இருந்தது. உடனே போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, வேலை முடிஞ்சுது. நட்டு வந்துட்டு."

பக்கத்தில் நின்ற சொரிமுத்து நட்டை வாங்கி நகத்தால் கிள்ளிப் பார்த்தான். வெகுநேரம் யோசித்தான்.

"அப்ப உளுந்து ஊறியிருக்கும்ணே" என்றான்.